போர்ன் ஊரின் நீலப் பேருந்துகள்: டிலைன் சேவை குறித்து

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் உள்ள போர்ன் என்ற சிறுநகரில் 1890இல் குதிரை வண்டிகளுடன் தொடங்கி, 1919இல் மோட்டார் பேருந்துக்கு மாறிய டிலைன் நிறுவனம், இன்றும் அதே குடும்பத்தின் கையில் இருக்கிறது. 1986இல் பேருந்துத் தொழில் மீதான அரசின் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்ட பிறகு எத்தனையோ உள்ளூர் நிறுவனங்கள் பெருங்குழுமங்களுக்குள் கரைந்துபோன நாட்டில், இது எளிய செயலன்று.

போர்னிலிருந்து பீட்டர்பரோ நகருக்குச் செல்லும் இவர்களின் மாடிப் பேருந்தில் பயணம் செய்தேன். நீலமும் வெண்மஞ்சளும் கலந்த வண்ணப்பூச்சில் தூசியே தெரியவில்லை. கைப்பிடிக் கம்பிகள் பளபளத்தன. மேல்மாடியின் முன் இருக்கையிலிருந்து சமவெளி வயல்கள் அடிவானம் வரை விரிந்தன. இந்த வழித்தடத்துக்கு வால்வோ வண்டிகளையே நம்பியிருப்பது சரியான முடிவென்றே எண்ணுகிறேன், ஏனெனில் ஒரே தயாரிப்பாளரின் வண்டிகள் மிகுந்திருந்தால் பணிமனையில் உதிரிபாகங்களும் கைப்பழக்கமும் சிதறுவதில்லை.

பழைய வண்டிகளையும் இவர்கள் கைவிடவில்லை. பாதுகாக்கப்பட்டவற்றுள் 1960ஆம் ஆண்டின் லேலண்ட் டைட்டன் மாடிப் பேருந்தும் ஒன்று. அசோக் லேலண்ட் வண்டிகளின் உறுமலோடு வளர்ந்த எனக்கு அந்தப் பெயரை அங்கே கண்டதும் நெஞ்சு நெகிழ்ந்தது. பேருந்துகளை நேசிப்பவர்கள் பீட்டர்பரோ வரை சென்றால், போர்னுக்கும் அவசியம் ஒரு முறை ஏறிச் செல்ல வேண்டும்.