உள்ளட்டை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்

அமெரிக்கச் சரித்திரக் காதல் நாவல்களைப் பழைய பிரதியாக வாங்குகிறவர்கள் ‘ஸ்டெப்பேக்’ என்ற சொல்லைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 1990களில் நிறைய வந்த அமைப்பு இது. வெளி அட்டையில் ஒரு பூங்கொத்தும் புடைத்த தங்க எழுத்தும்தான் இருக்கும். புரட்டினால் அடுத்த தாள் முழுக்க ஓவியம்: தழுவி நிற்கும் ஜோடி, பின்னால் கோட்டை, எந்தத் திசைக் காற்று என்றே சொல்ல முடியாதபடி பறக்கும் கூந்தல். சில பிரதிகளில் வெளி அட்டையின் வலது ஓரத்தைக் குறைத்து வெட்டி, உள்படத்தில் ஒரு கீற்றை மட்டும் காட்டியிருப்பார்கள்.

இதற்கு முன்பு தழுவல் படம் முன்னட்டையிலேயே இருந்தது. 1985இல் ஜொஹானா லிண்ட்சேயின் நாவல் ஒன்றுக்கு ராபர்ட் மெக்கின்னிஸ் வரைந்த நாயகன் உடம்பில் துணியே இல்லை. ஸ்டிக்கர் ஒட்டித்தான் விற்றார்கள். 1987இல் எலெய்ன் டுயில்லோவின் அட்டை ஓவியத்தோடு, நாயகனுக்கு மாடலாக நின்ற ஃபேபியோ வந்து சேர்ந்தார். கடை அலமாரியில் இதெல்லாம் கண்ணை இழுக்கும். ரயிலில் விரித்துப் படிப்பவருக்குத்தான் சங்கடம். பூ வெளியே, முத்தம் உள்ளே என்று பிரித்ததில் விற்பவர், படிப்பவர் இருவர் பாடும் தீர்ந்தது. அட்டை வடிவமைப்பில் இதைவிடக் கெட்டிக்காரத்தனம் இந்த வகையில் வரவில்லை.

வாங்கும்போதுதான் கவனம் வேண்டும். மறுபதிப்புகளில் பல சமயம் உள்ளட்டை இருக்காது, வெளி அட்டை மட்டும் அப்படியே இருக்கும். விற்பவர் போடும் படத்தில் இந்த வித்தியாசம் தெரியாது. உள்ளட்டையைத் திறந்து ஒரு படம் கேளுங்கள். காப்புரிமைப் பக்கத்தில் உள்ள எண் வரிசையையும் கேளுங்கள். அதில் 1 இருந்தால் பொதுவாக முதல் அச்சு. அடுத்து முதுகோரம். கனத்த தாள் இரண்டு அடுத்தடுத்து ஒட்டியிருப்பதால், மடக்கிப் படித்த பிரதியில் பசை விட்டு உள்ளட்டை தனியே கழன்று வரும். தங்கப்பூச்சு மூலைகளில் தேயும். உள்தாள் மலிவான மரக்கூழ், பழுக்கத்தான் செய்யும். அதைக் குறையாகச் சொல்லி விலை பேச முடியாது. அட்டையே இல்லாத பிரதியைத் தொடாதீர்கள். விற்காத புத்தகத்தின் அட்டையை மட்டும் கிழித்துப் பதிப்பகத்துக்கு அனுப்பிக் கடைக்காரர்கள் கணக்கு நேர்செய்வது அங்கே வழக்கம். மிச்சம் கூழுக்குப் போயிருக்க வேண்டியது.

ஓவியக் காலம் குறையற்றது என்று சொல்லவில்லை. கிறிஸ்டினா டாட் நாவல் ஒன்றின் அட்டையில் நாயகிக்கு மூன்று கை! ஆனால் பிறகு வந்த புகைப்பட அட்டைகளில் தலையில்லாத மார்பும், 1815 கவுனின் முதுகில் ஜிப்பும் சர்வசாதாரணம். ஜிப் புழக்கத்துக்கு வர அதற்கப்புறம் ஒரு நூற்றாண்டு ஆனது.

இப்போது வரும் தட்டையான கார்ட்டூன் அட்டைகள் கைபேசித் திரையில் பளிச்சென்று தெரியும். கதை எந்தக் காலம், படுக்கையறைக் காட்சி எவ்வளவு என்பது மட்டும் தெரியாது. பதின்பருவப் பிள்ளைக்கு வாங்குவதாக இருந்தால் பின்னட்டையோடு நிற்காமல் நடுவில் நாலு பக்கம் புரட்டிப் பார்த்துவிடுங்கள்.