குன்னூரில் வாங்கிய பியூயிக்: ஒரு மறுபதிப்பைப் பற்றி ஓர் அச்சுக்காரனின் கருத்து

குன்னூர் பெட்போர்டு பகுதியிலுள்ள ஒரு சிறிய புத்தகக் கடையில், கடந்த செப்டம்பரில் 850 ரூபாய் கொடுத்து ஒரு மறுபதிப்பை வாங்கினேன். தாமஸ் பியூயிக் மரக்கட்டையில் செதுக்கிய பிரிட்டன் நாட்டுப் பறவைகளின் முதல் தொகுதி, அதாவது நிலப்பறவைகள் அடங்கிய தொகுதி அது. முப்பது ஆண்டுகள் இதே ஊரில் காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் மிஷினில் கல்யாணப் பத்திரிகைகளும் தேயிலைத் தோட்டங்களுக்கான ரசீதுப் புத்தகங்களும் அடித்துப் பிழைத்தவன் என்பதால், வாசகனாக உட்காரும் முன்பே அச்சுக்காரனாகத்தான் அதைப் புரட்டினேன். பியூயிக்கின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள இந்த நூல் போதும். அவருடைய கைவேலையைத் தெரிந்துகொள்ளப் போதாது.

நூலின் சிறந்த பகுதி, ஏறத்தாழ அறுபது பக்கங்களுக்கு நீளும் அதன் முன்னுரைதான். 1753இல் வட இங்கிலாந்தில் டைன் ஆற்றங்கரையை ஒட்டிய செரிபர்ன் என்ற பண்ணை வீட்டில் பிறந்த பியூயிக்கை, 1767இல், அவருடைய பதினான்காம் வயதில், நியூகாசில் நகரத்தில் ரால்ஃப் பெய்ல்பி என்பவரின் பட்டறையில் ஏழாண்டுகள் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள். வெள்ளிக் கரண்டியில் பெயர் வெட்டுவது, முத்திரை வெட்டுவது, கதவில் பொருத்தும் பெயர்த் தகடு, நாயின் கழுத்துப் பட்டை என்று வாசலுக்கு வந்த எந்த வேலையையும் திருப்பி அனுப்பாத பட்டறை அது. மரக்கட்டை வேலை மட்டும் பெய்ல்பிக்குப் பிடிக்காததால், அது வரும்போதெல்லாம் பையன் பக்கம் தள்ளிவிட்டார். சார்லஸ் ஹட்டன் எழுதிய அளவைக் கணித நூலுக்கான வரைபடங்கள் அப்படித்தான் பியூயிக்கின் கைக்கு வந்தன. எங்கள் அச்சகத்திலும் முதலாளி தொட விரும்பாத வேலைகளில்தான் நான் தொழில் கற்றேன் என்பதால், இந்தப் பக்கங்களை இரண்டு முறை படித்தேன்.

1776இல் லண்டனுக்குப் போனவர், பேரும் பணமும் அங்கேதான் என்று எல்லோரும் சொல்லியும் ஓராண்டுகூடத் தாங்காமல் ஊர் திரும்பி, தன் பழைய முதலாளியோடு கூட்டுச் சேர்ந்தார். பகலெல்லாம் பட்டறை வேலை. புத்தகத்துக்கான கட்டைகளைச் செதுக்கியது மாலை நேரங்களில். நாற்கால் விலங்குகள் பற்றிய முதல் நூலுக்கு அவர் செதுக்கிய முதல் கட்டை ஒற்றைத் திமில் ஒட்டகம். அதைத் தொடங்கிய 1785 நவம்பர் நாளில்தான் அவருடைய தந்தை இறந்தார். நூல் வெளிவந்தது 1790இல். அடுத்து பறவைகள். மறைந்துவிட்ட ஒரு செல்வந்தர் சேர்த்துவைத்திருந்த பாடம் செய்த பறவைகளை வரைய, 1791இல் வைக்லிஃப் என்ற ஊரில் ஏறக்குறைய இரண்டு மாதங்கள் தங்கினார். பஞ்சடைத்த பறவைகளின் உடல் குலைந்திருப்பதைக் கண்டதும், புதிதாகச் சுடப்பட்ட பறவைகளையும் உயிருள்ளவற்றையும் பார்த்தே வரைய வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். 1797இல் முதல் தொகுதி வந்த சமயம், தலைப்புப் பக்கத்தில் யார் பெயர் போடுவது என்ற தகராறு முற்றிக் கூட்டு முறிந்தது. 1804இல் வந்த நீர்ப்பறவைகள் தொகுதிக்கு உரைநடையையும் அவரே பொறுப்பேற்றார். இவ்வளவையும் முன்னுரை நிதானமாக, மிகையில்லாமல் சொல்கிறது. 1828இல் அவர் இறந்ததற்குப் பிந்தைய சீடர்களின் கதைதான் அவசரமாக முடிக்கப்பட்டிருக்கிறது. அது எனக்குப் பெரிய குறையாகத் தோன்றவில்லை.

குறை எங்கே என்று சொல்வதற்கு முன், கட்டையைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் ஊர்ப் பெரிய எழுத்துக் கதைப்புத்தகங்களில் பார்த்த மரக்கட்டைப் படங்களில், கோட்டினை மட்டும் மேடாக விட்டு அதன் இரு பக்கமும் மரத்தைக் குடைந்து எடுத்திருப்பார்கள். அச்சில் விழுவது கறுப்புக் கோடு. பியூயிக் மரத்தை நீளவாக்கில் அறுத்த பலகையில் வேலை செய்யவில்லை. பாக்ஸ்வுட் என்ற மிக மெதுவாக வளரும் மரத்தின் தண்டைக் குறுக்கே அறுத்து, அந்த வெட்டு முகத்தில், செம்பையும் வெள்ளியையும் செதுக்கப் பயன்படும் கூரிய சிற்றுளியை ஓட்டினார். குறுக்கு முகத்தில் மரநார் எந்தப் பக்கமும் உளியை இழுப்பதில்லை. எனவே மயிரிழைக் கோடு எந்தத் திசையிலும் போகும். உளி போன இடம் வெள்ளை, தொடாத இடம் கறுப்பு. கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் வரைவதைப் போல, இருட்டிலிருந்து வெளிச்சத்தை எடுக்கும் வேலை அது. அந்த மரத்தின் தண்டு சிறியது என்பதால் படங்களும் உள்ளங்கைக்குள் அடங்குபவை. கட்டை ஈய எழுத்தின் உயரத்துக்கே இருந்ததால், எழுத்தோடு சேர்த்து ஒரே பாரத்தில், அதாவது ஒரே அச்சுச் சட்டத்தில், பூட்டி ஒரே அழுத்தத்தில் அடிக்கலாம். செப்புத் தகட்டுப் படம் என்றால் தனி அச்சு, தனிச் செலவு.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. தொலைவில் தெரிய வேண்டிய மரங்களும் மூடுபனியும் வெளிறித் தெரிவதற்காக, கட்டையின் அந்தப் பகுதியைச் செதுக்கும் முன்பே சற்றுச் சீவித் தாழ்த்திவிடுவார். அங்கே மையும் அழுத்தமும் குறைவாகப் படும். நாங்கள் மேக்ரெடி, அதாவது அடிக்கும் முன் அழுத்தத்தைச் சமன்படுத்தும் வேலை, செய்யும்போது பிளாக்கின் பின்னால் துண்டுக் காகிதம் ஒட்டியும் உரித்தும் மணிக்கணக்கில் சரிசெய்ததை, அந்த மனிதர் மரத்திலேயே செய்து முடித்திருக்கிறார்.

இந்த மறுபதிப்பு சறுக்குவது சரியாக இந்த இடத்தில்தான். கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்ட பங்களாவில் என் பழைய வாடிக்கையாளர் ஒருவர் 1847ஆம் ஆண்டுப் பதிப்பை வைத்திருக்கிறார். அவர் அனுமதியோடு இரண்டையும் ஜன்னலோர மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உருப்பெருக்குக் கண்ணாடியில் பார்த்தேன். மைனா இனத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவையின் மார்பில், பழைய நூலில் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியும் தனித்தனியாக, விளிம்பு கூர்மையாக நிற்கிறது. மறுபதிப்பில் அந்தப் புள்ளிகளில் பாதி மை அடைத்துக் கறுத்துவிட்டது. வெளிறிய தொலைதூரக் காட்சிகளோ நேர்மாறாக, கோடுகள் அறுந்து, தூசி படிந்ததைப் போலக் கிடக்கின்றன. சாம்பல் நிறத்துக்கே இடமில்லாமல் கறுப்பு, வெள்ளை என்று மட்டும் ஸ்கேன் செய்து ஆஃப்செட்டில் அடித்திருக்கிறார்கள் என்பது தொழில் தெரிந்தவருக்குப் பார்த்தவுடனே விளங்கும். சில பக்கங்களில் சாம்பல் வேண்டுமென்று புள்ளித் திரை போட்டிருக்கிறார்கள். அது இன்னும் மோசம். கோட்டினால் ஆன படத்தைப் புள்ளியாக உடைத்தபின் அதில் உளியின் தடம் எங்கே இருக்கும்?

சாம்பல் வாலாட்டியின் பக்கம் மட்டும் எப்படியோ தப்பித்திருக்கிறது. குளிர்காலத்தில் எங்கள் வீட்டுக்குக் கீழேயுள்ள ஓடையின் பாறைகளில் வாலை ஆட்டிக்கொண்டு திரியும் அதே பறவை, நியூகாசிலில் ஒருவர் மரத்தில் செதுக்கிய பறவை என்பதை அந்தப் பக்கத்தில்தான் கண்டுகொண்டேன். இறகுகளின் ஓரத்தில் ஓடும் வெள்ளை இழையைப் பார்த்தால், பறவையை நெடுநேரம் பார்த்த கண் என்பது தெரிகிறது.

பறவைகளின் வர்ணனை முடியும் இடங்களில் மிஞ்சும் வெற்றிடத்தை நிரப்ப பியூயிக் செதுக்கிய சின்னஞ்சிறு காட்சிகளுக்காகவே பலர் இந்த நூலை வாங்குகிறார்கள். பாலத்துக்குச் சுங்கம் கொடுக்க மனமில்லாமல் மாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடக்கும் ஒருவனின் தொப்பி காற்றில் பறந்துவிடுகிறது. மிச்சம் பிடித்த காசு தொப்பியோடு போயிற்று. இன்னொன்றில் கிராமக் காட்சியின் மேல் ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்திருக்கிறது. அவர் கொடுத்த ரசீதுகளிலும் இதே ரேகை உண்டு. எழுதப் படிக்கத் தெரிந்தவர் கைநாட்டு வைத்த வேடிக்கை இது. இத்தகைய காட்சிகளை மறுபதிப்பாளர்கள் இடத்தை மிச்சப்படுத்த நான்கில் ஒரு பங்கு சுருக்கியிருக்கிறார்கள். ரேகைக்குப் பின்னால் இருக்கும் குடிசை இப்போது ஒரு மைக்கறையாகத் தெரிகிறது. அளவில் கை வைத்தது மன்னிக்க முடியாதது.

பைண்டிங்கைப் பற்றியும் மலையில் வாழ்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தையல் கிடையாது, முதுகில் வெறும் பசை. நவம்பர் மழையில் மூன்று வாரம் அலமாரியில் இருந்ததிலேயே நடுவில் எட்டுப் பக்கங்கள் கழன்று கையோடு வந்துவிட்டன. இந்த ஈரம் மரத்தையே விட்டுவைப்பதில்லை. போஸ்டருக்கென்று நான் வைத்திருந்த மர எழுத்துகள் ஆண்டுதோறும் மழையில் உப்பி, கோடையில் சுருங்கி, கடைசியில் வெடித்தன. பியூயிக்குக்கும் அது நேர்ந்திருக்கிறது: 1789இல் அவர் செதுக்கிய, சில்லிங்கம் என்ற இடத்துக் காளைப் படத்தின் பெரிய கட்டை, சில பிரதிகள் எடுத்ததுமே வெடித்துப்போயிற்று.

கடைக்காரர் மீது எனக்குக் குறையில்லை. கழன்ற பக்கங்களைக் காட்டியதும் வேறு பிரதி தர முன்வந்தார். அதுவும் அதே பசைதான் என்பதால் வேண்டாம் என்று சொல்லி, என் பிரதியை நானே பிரித்துத் தைத்துக்கொண்டேன். முன்னுரைக்காக வாங்குபவர்கள் 850 ரூபாய் கொடுக்கலாம். படங்களுக்காக வாங்குபவர்கள், சாம்பல் நிறம் கெடாமல் நிழற்படமாக எடுத்து அசல் அளவிலேயே அச்சிட்ட வேறு பதிப்பு கிடைக்கும்வரை காத்திருக்கலாம். நீர்ப்பறவைகள் தொகுதி அடுத்த மாதம் வருகிறதாம். பணம் கொடுக்கும் முன் மரக்காட்டு உள்ளானின் பக்கத்தைத் திறந்து, அதன் முதுகில் உள்ள கோடுகளை என் கண்ணாடியில் ஒருமுறை எண்ணிப் பார்ப்பேன் என்று கடைக்காரரிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.