நெல்லிக்குப்பம் சாலை விறகு மண்டி: கிண்ணம் கடைய பச்சைக் கட்டை

கட்டையின் வெட்டுமுகத்தில் சுண்ணாம்பால் "வேம்பு 14" என்று எழுதியிருந்தது. 14 என்பது விலையா என்று கேட்டேன். "இல்லம்மா, பதினாலாம் தேதி வெட்டுனது" என்றார் மண்டிக்காரர். அன்று தேதி 16. அந்த ஒரு பதிலுக்காகத்தான் மூன்று வருஷமாக அரியாங்குப்பத்திலிருந்து முள்ளோடை தாண்டிக் கடலூர் பக்கம் போய்க் கட்டை வாங்குகிறேன்.

கிண்ணம் கடைகிறவர்களுக்கு இந்தத் தேதி ஏன் பெரிய விஷயம் என்று சொல்லிவிடுகிறேன். மேசை, நாற்காலிக்குக் காய்ந்த மரம் வேண்டும். கிண்ணத்துக்குப் பச்சை மரம்தான் வசதி. ஈரக் கட்டையில் உளியை வைத்தால் தூசி பறக்காது, சீவல் நீளச் சுருளாக வந்து விழும், உளியும் சீக்கிரம் மழுங்காது. ஆனால் அது உண்மையிலேயே பச்சையாக இருக்க வேண்டும். வெட்டிப் போட்ட கட்டை இரண்டு முனைகளில்தான் முதலில் காயும். முனை சுருங்கப் பார்க்கும், உள்ளே இருக்கும் ஈர மரம் விடாது, வெடித்துவிடும். கத்திரி வெயிலில் இதற்கு ஒரு வாரம் போதும். வெளியே மயிரிழை மாதிரி தெரிகிற வெடிப்பு உள்ளே இரண்டு மூன்று அங்குலம் ஓடியிருக்கும்.

முன்பு வேறொரு மரம் அறுக்கும் மில்லில் வாங்கிக்கொண்டிருந்தேன். "நேத்து வந்த லோடு" என்று சொல்லி ஆறு பலாக் கட்டை கொடுத்தார்கள். முனைகளைப் புதிதாக அறுத்துப் பளிச்சென்று வைத்திருந்தார்கள், நானும் நம்பினேன். வீட்டில் பிளந்தால் நான்கு கட்டைகளில் வெடிப்பு நடுவரை போயிருந்தது. திருப்பிக் கொண்டுபோனேன். "அடுப்புக்கு ஆகுமில்ல" என்று சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டு கிண்ணம் வர வேண்டிய மரத்தில் மூன்றுதான் தேறியது. அந்த வருஷம் பொங்கலுக்குச் சொல்லி வைத்திருந்தவர்களுக்கு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

சரி, மண்டிக்கு வருகிறேன். கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம் போகிற சாலையில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. செங்கல் சூளைக்கும் கல்யாணச் சமையலுக்கும் விறகு போடுவதுதான் அவருடைய தொழில். வீட்டுமனைக்காக வெட்டுகிற மரம், காற்றில் சாய்ந்த மரம், கொல்லையில் பட்டுப்போகத் தொடங்கிய மரம் எல்லாம் அங்கே வரும். வெட்டிய தேதியை முதலில் தன் கணக்குக்காகத்தான் எழுதினார். எது காய்ந்தது, எதை முதலில் விற்க வேண்டும் என்று தெரிவதற்காக. எனக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். அதைப் புரிந்துகொண்டு, புது லோடு வந்தால் நல்ல துண்டுகளைத் தனியே கூரை நிழலில், ஈரச் சாக்குப் போட்டு மூடி வைக்கிறார். நான் கேட்காமல் அவராகச் செய்தது இது.

அளவு சொன்னால் அங்கேயே மிஷின் ரம்பத்தில் வெட்டித் தருவார்கள். பத்து அங்குலக் கிண்ணத்துக்குப் பன்னிரண்டு அங்குல விட்டத்துக்குக் குறையாத கட்டை எடுப்பேன், நீளத்தையும் முனைக்கு ஒரு அங்குலம் கூட்டி வைத்துக்கொள்வேன். அப்புறம் நட்ட நடுவில், நெஞ்சு (வளையங்களுக்கு மையமாக இருக்கும் நடுத்தண்டு) வழியாக, நீளவாக்கில் இரண்டாகப் பிளக்க வேண்டும். நெஞ்சு கிண்ணத்துக்குள் இருந்துவிட்டால் எவ்வளவு பொறுமையாகக் காயவைத்தாலும் அங்கிருந்து வெடிக்கும். ரம்பம் பிடிக்கும் தம்பிக்கு இதை முதல் தடவை சொல்ல வேண்டியிருந்தது. இப்போது அவரே கட்டையைப் புரட்டிப் பார்த்து, ஏற்கெனவே ஒரு வெடிப்பு தொடங்கியிருந்தால் அதன் வழியாகவே ரம்பத்தை விடுகிறார். வெடிப்பு வெட்டோடு போய்விடுகிறது, இரண்டு பாதியும் சுத்தமாகக் கிடைக்கின்றன. நான் கொண்டுபோகும் மிச்ச எனாமல் பெயிண்டை முனைகளில் இரண்டு கை பூசி முடித்த பிறகுதான் குட்டியானையில் ஏற்றுவோம்.

இங்கே கிடைப்பதில் எனக்கு முதல் இடம் பூவரசுக்கு. நல்ல முற்றிய மரமாக இருந்தால் வைரம், அதாவது நடுவில் இருக்கும் கெட்டி மரம், காபிக்கொட்டை நிறத்தில் இருக்கும், சுற்றி வெளிர் வெள்ளை. நாம் பூவரச இலையில் கொழுக்கட்டை அவிப்போம். ஹவாய் தீவுக்காரர்கள் இதே மரத்தை மிலோ என்று சொல்லி, சாப்பாட்டுக் கிண்ணம் கடைந்திருக்கிறார்கள். உணவில் வாடை ஏறாது என்பதுதான் காரணம். பெரிய விட்டத்தில் அபூர்வமாகத்தான் வரும், வந்தால் விடாதீர்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் தூங்குமூஞ்சி வாங்குங்கள். கிலோ 9 ரூபாய்க்கு வாங்கினேன். மற்ற மரங்களைவிடக் குறைவாகச் சுருங்கும், தப்பை மன்னிக்கும். வெள்ளைப் பகுதியில் மட்டும் பூச்சி விழும், அதைக் கடைந்து கழித்துவிட வேண்டும். வாகை அழகுதான், ஆனால் அதன் தூசி எனக்கு அடுக்குத் தும்மல் கொண்டுவருகிறது, முகமூடி இல்லாமல் தொடுவதில்லை. புளி, வேம்பு எப்போதும் இருக்கும்.

பலா பண்ருட்டி பக்கத்திலிருந்து வரும். மஞ்சளாக இருக்கும் வைரம் வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பாக மாறுவதைப் பார்க்கவே நான் ஒரு பலாக் கிண்ணத்தை ஜன்னல் ஓரத்தில் வைத்திருக்கிறேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது பலாவும் முந்திரியும் சாய்ந்து கிடந்ததைப் பற்றி மண்டிக்காரர் ஒரு நாள் பேசினார். "எங்க பாத்தாலும் மரம்மா, வாங்கத்தான் ஆளு இல்ல" என்றார். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்த மறுவாரம் எனக்குப் போன் பண்ணி, "இந்த வாட்டி முதல்லயே சொல்லிட்டேன், வந்து எடுத்துக்க" என்றார். அப்போது எடுத்த கட்டைகளில் கடைந்தவற்றை இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறேன்.

குறையும் உண்டு. எல்லாமே எடைக்கு எடை. பச்சைக் கட்டையை எடை போட்டு வாங்கினால் தண்ணீருக்கும் காசு கொடுக்கிறோம். பச்சைக் கட்டையை இரண்டு தடவையாகக் கடைவோம்: முதலில் கனமாக, காய்ந்த பிறகு முடிவான வடிவத்துக்கு. ஒரு தூங்குமூஞ்சிக் கிண்ணத்தை முதல் கடைசலில் ஒரு அங்குல கனம் விட்டு எடுத்தேன், எடை 1 கிலோ 900 கிராம். அதன் சீவலோடு காகிதச் சாக்கில் கட்டி வைத்து வாராவாரம் நிறுத்தேன். மூன்று மாதத்தில் 1 கிலோ 200 கிராமுக்கு வந்து நின்றது. எடை இறங்குவது நின்றால்தான் இரண்டாவது கடைசல். அந்த 700 கிராம் தண்ணீருக்கும் நான் காசு கொடுத்திருக்கிறேன். இதைச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. அடுத்த முறையிலிருந்து நான் எடுக்கும் கட்டைக்கு நூறு கிலோவுக்குப் பத்து கிலோ கழித்துக்கொள்கிறார்.

இன்னொன்று ஆணி. சாலையோரப் புளியில் விளம்பரப் பலகை அடித்த ஆணிகள் உள்ளே புதைந்துவிடும். ஒரு முறை குழி உளியின் முனை பல் விழுந்தது, திரும்பத் தீட்ட அரை நாள் ஆனது. வெட்டுமுகத்தில் கருநீலக் கறை தெரிந்தால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கட்டையை ஒதுக்குங்கள். இதை மண்டியில் யாரும் பார்த்துச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் பார்க்க வேண்டும். இதில் மட்டும் அவர்களிடம் எனக்கு வருத்தம்.

மரத்தின் பெயரும் எடையும் போட்டு பில் தருவார், கேட்டு வாங்கி வண்டியிலேயே வையுங்கள். புதுச்சேரி எல்லையில் நிறுத்தினால் காட்டலாம். சந்தனம், செம்மரம் என்று அவரிடம் பேச்செடுக்காதீர்கள், அந்த நிமிஷமே அனுப்பிவிடுவார்.

லோடு பெரும்பாலும் சாயங்காலம் இறங்கும். முந்தின நாள் போனில் கேட்டுக்கொண்டு, காலை ஏழு மணிக்குள் போய்விட்டால் சூளை வண்டி வருவதற்கு முன்னால் பொறுக்கிக்கொள்ளலாம். பலா எடுப்பதாக இருந்தால் ஒரு சின்னப் பாட்டிலில் நல்லெண்ணெய் கொண்டுபோங்கள். பட்டையிலிருந்து வடியும் பால் கையில் ஒட்டினால் சோப்புக்குப் போகாது.