டிரைப் எடுத்த மதுரைப் படம்: மறு அச்சு பற்றிய என் மதிப்பீடு

ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் 1858-இல் மதுரையில் எடுத்த திருமலை நாயக்கர் அரண்மனைப் படம் ஒன்றைச் சுவரில் மாட்டும் அளவில் அச்சிட்டுத் தருமாறு, பழைய புகைப்படங்களை மறு அச்சிடும் அச்சகம் ஒன்றிடம் கொடுத்திருந்தேன். நேப்பியர் பிரபு சென்னை ஆளுநராக இருந்தபோது அரண்மனை புதுப்பிக்கப்பட்டது. அதற்கு முன்பு அது சிதைந்து கிடந்த நிலையைக் காட்டும் படம் என்பதால், இதைப் பல ஆண்டுகளாகவே வீட்டில் வைத்துக்கொள்ள விரும்பினேன்.

முதலில் வந்த அச்சில் துல்லியத்துக்குக் குறைவில்லை. தூண்களின் பருமனும் சுதை உதிர்ந்த இடங்களும் தெளிவாகத் தெரிந்தன. ஆனால் பளபளப்பான தாளில், சுத்தக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டிருந்தார்கள். டிரைப்பின் அச்சுகளுக்கே உரிய செம்பழுப்புச் சாயல் முழுவதும் போய்விட்டது. கண்ணாடி நெகட்டிவ் (அச்செடுக்க உதவும் எதிர்ப்படிவம்) பரவிவந்த அந்தக் காலத்திலும், வெப்பமான நாட்டில் பயணம் செய்பவருக்கு வசதியானது என்று மெழுகிட்ட காகித நெகட்டிவையே அவர் பெரிதும் பயன்படுத்தினார். காகிதத்தின் இழை படத்துக்குத் தரும் அந்த மென்மையை, கணினியில் கூர்மையாக்கிக் கெடுத்திருந்தார்கள். அவர் தம் நெகட்டிவ்களில் கையாலேயே நிறமி பூசி வானத்தைச் சீர்செய்தவர், சிலவற்றில் மேகங்களைக்கூட வரைந்தவர் என்பதை எண்ணும்போது, அவர் தேர்ந்துகொண்ட நிறத்தை மாற்றியது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

1839-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்த டிரைப், 1850-களின் தொடக்கத்தில் தாயகமான இங்கிலாந்தில் விடுப்பில் இருந்தபோது விருப்பத்தின் பேரில் இக்கலையைக் கற்றார். ஹளேபீடு, பேலூர்க் கோயில்களையும் 1855-இல் பர்மாவையும் படமெடுத்த பிறகு, 1856-இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரானார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 அச்சுகளாக ஒட்டி, சுமார் 19 அடி நீளத்தில் அவர் ஒரே படமாக்கியது இன்றும் வியக்க வைக்கிறது. செலவு மிகுதி என்று சென்னை ஆளுநர் டிரெவெல்யன் அரசின் புகைப்படப் பணியை நிறுத்தியதும் படைப்பணிக்கே திரும்பிய அவர், அதன்பின் அநேகமாகப் படமெடுக்கவே இல்லை.

குறையைச் சொன்னதும், அச்சகத்தார் மறுப்புச் சொல்லாமல், பருத்தி இழை கலந்த பளபளப்பில்லாத தாளில் பழுப்புச் சாயலுடன் மீண்டும் அச்சிட்டுத் தந்தார்கள். இரண்டாவது அச்சில் எனக்கு முழுத் திருப்தி. நிழல் விழுந்த வளைவுகளின் உட்புறம்கூட இப்போது தெரிகிறது. அவர்களிடம் கொடுப்பவர்கள் தாளின் வகையையும் நிறச் சாயலையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, கூர்மையாக்க வேண்டாம் என்றும் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.