மூடி வைத்த லேப்டாப்பிலும் ஏறிய பிட்காயின்

"ராத்திரியில் லேப்டாப்பை ஓட விடுங்கள், பிட்காயின் தானாகச் சேரும்" என்று யாராவது உங்களுக்கு லிங்க் அனுப்பியிருந்தால், அதைத் தொடும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு ஏழு வாரத்தில் போனது ஒரு மாதச் சம்பளத்தில் கால்வாசி, ஒரு பேட்டரி, அப்புறம் கொஞ்சம் மானம்.

மானம் என்று சொல்லக் காரணம் உண்டு. நாள் முழுக்க அடுத்தவர் வரவு செலவைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. ஒரு ரசீது குறைந்தாலும் விடமாட்டேன். அப்படிப்பட்டவன் இந்த விஷயத்தில் ஒரே ஒரு பெருக்கல்கூடப் போட்டுப் பார்க்கவில்லை.

லிங்க் அனுப்பியது சித்தப்பா மகன். "அண்ணா, உங்க லேப்டாப் ராத்திரி சும்மாதானே கிடக்குது? எனக்கு ரெண்டு தடவை காசு வந்துடுச்சுண்ணா" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. எனக்கும் முதல் வாரம் வந்தது, சில்லறைதான். ஆனால் வாலட்டில் நிஜமாகவே வந்து விழுந்த சில்லறை. அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அது ஒரு மைனிங் செயலி. மைனிங் என்றால் கணினியை ஓயாமல் கணக்குப் போட வைத்து, அதற்குக் கூலியாகப் பிட்காயின் போன்ற கிரிப்டோ காசு வாங்குவது. நிறுவும்போதே ஆண்டிவைரஸ் கத்தியது. செயலியின் உதவிப் பக்கத்தில் அதற்கும் பதில் தயாராக இருந்தது: "மைனிங் மென்பொருள் எதைப் போட்டாலும் ஆண்டிவைரஸ் இப்படித்தான் சொல்லும், இந்த ஃபோல்டரை மட்டும் விலக்கிவிடுங்கள்." இதில் பாதி உண்மை. திருடர்கள் அடுத்தவர் கணினியில் ஒளித்து வைப்பது பெரும்பாலும் எக்ஸ்எம்ரிக் போன்ற நேர்மையான திறந்தமூல மைனிங் மென்பொருளைத்தான். அதனால் அசலையும் ஆண்டிவைரஸ் தடுக்கத்தான் செய்யும். அந்தப் பாதி உண்மையை நம்பி, கதவைத் திறந்து விட்டவன் நான்தான்.

திரை அழகாக இருந்தது. தசமப் புள்ளிக்குப் பின் எட்டு இலக்கம், கடைசி மூன்றும் மீட்டர் போலச் சுழன்றுகொண்டே இருக்கும். கீழே 'பூஸ்ட்' என்று ஒரு பொத்தான். பணம் கட்டினால் வேகம் ஐந்து மடங்காம். என் லேப்டாப்பில் இருக்கும் அதே புராசஸர், நான் எங்கேயோ பணம் கட்டியதும் எப்படி ஐந்து மடங்கு வேகமாகும்? இந்தக் கேள்வி எனக்கு இப்போதுதான் வருகிறது. அப்போது மூன்று தடவை கட்டினேன். மூன்றும் டெதர் என்ற கிரிப்டோ காசில். வங்கி வழியாகப் போயிருந்தால் புகார் சொல்லித் தடுத்துப் பார்க்கவாவது ஒரு வழி இருந்திருக்கும். கிரிப்டோவில் அனுப்பியது அனுப்பியதுதான்.

நான்காம் வாரம் வெளியூர்ப் பயணம். லேப்டாப்பை முழுதாக அணைத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனேன். இரண்டு நாள் கழித்து போனில் கணக்கைத் திறந்தால் இருப்பு ஏறியிருக்கிறது! அணைத்துக் கிடக்கும் கணினி எதை மைன் செய்யும்? எனக்கு அது உறைக்கவில்லை. போனஸ் போல என்று நினைத்து, பெருமையாகத் தம்பிக்கு ஸ்கிரீன்ஷாட் வேறு அனுப்பினேன். இந்தப் பதிவிலேயே எழுதக் கூசுகிற வரி இதுதான்.

ஆறாம் வாரம் எடுக்கலாம் என்று போனேன். எடுக்கப்போகும் தொகையில் 15 சதவீதத்தை வரியாக முதலில் கட்ட வேண்டும் என்றார்கள். சப்போர்ட்டில் இருந்தவரிடம் கேட்டேன்.

"என் இருப்பிலேயே அந்த 15 சதவீதத்தைக் கழித்துக்கொள்ளுங்களேன்?"

"அது முடியாது சார். சிஸ்டம் அனுமதிக்காது."

"உங்கள் சிஸ்டம்தானே?"

"புரியுது சார். ஆனா தனியாத்தான் கட்டணும் சார்."

அந்த நிமிடம்தான் தொழில் புத்தி விழித்தது. என் பணம் அவர்களிடம் நிஜமாக இருந்தால், அதில் கழிப்பதைவிட எளிய வேலை வேறு கிடையாது. கழிக்க முடியாது என்றால் அங்கே கழிக்க எதுவும் இல்லை. செயலியை நீக்கினேன். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. அன்று இரவு படுத்த பிறகு அடுத்த அறையில் ஃபேன் சத்தம், தையல் மெஷின் ஓடுவது போல. எழுந்து போய் மவுஸைத் தொட்டேன், அடங்கிவிட்டது. திரும்பி வந்து படுத்தேன், மறுபடியும் ஆரம்பித்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் புராசஸர் சாதுவாக 4 சதவீதத்தில் நிற்கிறது. மூடிய சில நிமிடத்தில் மீண்டும் இரைச்சல். ஆள் பார்க்கும்போது நிறுத்து, பார்க்காதபோது ஓட்டு என்று அதற்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் விவரம் தெரிந்த அலுவலக நண்பர் ஒருவர் உட்கார்ந்து தேடினார். செயலி போயிருந்தது, ஆனால் நிரல்களைத் தானாக ஓட்டி வைக்கும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் ஏதோ 'அப்டேட்' என்ற பெயரில் ஒரு பதிவை விட்டுப் போயிருந்தது. அது காட்டிய ஃபோல்டர், நான் என் கையால் ஆண்டிவைரஸிலிருந்து விலக்கிய அதே ஃபோல்டர். உள்ளே ஒரு அமைப்புக் கோப்பு. அதை நோட்பேடில் திறந்தோம். ஒரு மைனிங் பூலின் (பல கணினிகள் சேர்ந்து மைன் செய்து வரவைப் பிரித்துக்கொள்ளும் இடம்) முகவரி, அதன் கீழே 4 என்ற எண்ணில் தொடங்கும் நீளமான எழுத்துக் கோவை. நண்பர் எண்ணச் சொன்னார். எண்ணினேன், 95. "இது மோனேரோ வாலட் முகவரி. உங்களோடதா?" என்றார். மோனேரோ என்பது பிட்காயின் போல இன்னொரு கிரிப்டோ காசு. எனக்கு மோனேரோ வாலட்டே கிடையாது.

அந்தப் பூலின் தளத்தில் முகவரியை ஒட்டினால் எத்தனை கணினிகள் அதற்காக ஓடுகின்றன என்று காட்டும். ஒட்டினோம். முந்நூற்றுச் சொச்சம். அதில் ஒன்று நான். என்னைப் போல இன்னும் முந்நூறு பேர் எங்கெங்கோ இரவில் ஃபேன் சத்தம் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறார்கள். திரையில் ஓடிய பிட்காயின் வெறும் படம். பின்னால் ஓடியது மோனேரோ, அதுவும் வேறொருவன் பைக்கு.

சரி, இவர்கள் திருடர்கள். நேர்மையாக மைன் செய்தால் லேப்டாப்பில் ஏதாவது தேறுமா? கோபத்தில் உட்கார்ந்து, முதல் நாளே போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன்.

பிட்காயினை முதலில் பார்ப்போம். 2009இல் அது தொடங்கியபோது சாதாரணக் கணினியிலேயே எடுத்தார்கள். 2010இல் கிராஃபிக்ஸ் கார்டுகள் வந்தன, 2013இல் அதற்கென்றே செய்த ஏசிக் இயந்திரங்கள் வந்தன. அதோடு நம் வீட்டுக் கணினியின் கதை முடிந்தது. மைனிங்கில் போடும் ஒவ்வொரு முயற்சிக் கணக்கும் ஒரு ஹாஷ். ஒரு லேப்டாப் புராசஸர் நொடிக்கு 2 கோடி ஹாஷ் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்ட்மைனர் எஸ்21 என்ற ஒரே பெட்டி நொடிக்கு 200 டெராஹாஷ், அதாவது 200 லட்சம் கோடி ஹாஷ் போடும். அதாவது ஒரு கோடி லேப்டாப்புக்குச் சமம். உலகம் முழுக்க இருக்கும் மைனர்களின் மொத்த வேகம் 2024இலேயே நொடிக்கு 600 எக்ஸாஹாஷைத் தாண்டிவிட்டது (ஒரு எக்ஸாஹாஷ் என்பது பத்து லட்சம் டெராஹாஷ்). பிளாக் என்பது ஜெயித்த மைனருக்குப் பரிசு தரும் ஒரு சுற்று. பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக், வருடத்துக்குச் சுமார் 52,560. அந்த வேகத்தில் என் லேப்டாப் தனியாக ஒரு பிளாக்கைப் பிடிக்கச் சராசரியாக 57 கோடி வருடம் ஆகும். பிடித்தால் 3.125 பிட்காயின் கிடைக்கும், அதுவும் 2024 ஏப்ரலில் பரிசு பாதியான பிறகு உள்ள கணக்குப்படி. அதற்குள் இன்னும் எத்தனை தடவை பாதியாகுமோ.

ஈதர் என்ற இன்னொரு கிரிப்டோ காசை எடுக்கலாம் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். 2022 செப்டம்பரோடு அதில் மைனிங் என்பதே கிடையாது.

மிச்சம் மோனேரோ. 2019இல் அதற்கு வந்த ரேண்டம்எக்ஸ் என்ற மைனிங் முறை, சாதாரண புராசஸருக்குத் தோதாக வேண்டுமென்றே வடிவமைத்தது. திருடர்களுக்கு அது பிடித்துப்போகக் காரணமும் அதுதான். இரண்டு நிமிடத்துக்கு ஒரு பிளாக், பிளாக்குக்கு 0.6 மோனேரோ. ஒரு நாளைக்கு உலகத்துக்கே 432. மொத்த வேகம் நொடிக்கு 300 கோடி ஹாஷ் என்று கொண்டால், 2,000 ஹாஷ் போடும் என் லேப்டாப்பின் பங்கு 15 லட்சத்தில் ஒன்று. ஒரு நாளைக்கு 0.0003 மோனேரோகூட இல்லை. 0.1 சேர ஏறக்குறைய ஒரு வருடம். அதுவரை 60 வாட் இழுத்தால் மின்சாரம் 500 யூனிட். உங்கள் வீட்டு பில்லில் 500 யூனிட் எவ்வளவு என்று பார்த்துவிட்டு, 0.1 மோனேரோவின் அன்றைய விலையோடு வைத்துப் பாருங்கள். நான் பார்த்தபோது கரண்ட் பில்லுக்கே காணவில்லை.

அப்படியானால் அந்த ஆளுக்கு மட்டும் எப்படி லாபம்? மின்சாரம் என்னுடையது, லேப்டாப் என்னுடையது. செலவு முழுக்க முந்நூறு பேர் தலையில், வரவு மட்டும் அவனுக்கு. லேப்டாப் மைனிங்கில் லாபம் வருகிற ஒரே வழி, லேப்டாப் அடுத்தவனுடையதாக இருப்பது. பூஸ்டுக்குக் கட்டிய பணம் அதற்கு மேல் வந்த கொசுறு.

"அப்படியானால் கிளவுட் மைனிங் எடுத்துக்கொள்" என்று ஒருவர் அறிவுரை சொன்னார். இயந்திரம் அவர்களிடம் இருக்கும், அதன் மைனிங் திறனில் ஒரு பங்கை நாம் காசு கொடுத்து வாங்குவதுதான் அது. எஸ்டோனியாவில் இருந்து நடந்த ஹாஷ்ஃப்ளேர் என்ற கிளவுட் மைனிங் சேவையின் கதையை அவருக்கு அனுப்பினேன். 57 கோடி டாலருக்கு மேல் வசூல். விற்ற பிட்காயின் மைனிங் திறனில் ஒரு சதவீதம்கூட அவர்களிடம் இல்லை என்றது அமெரிக்க அரசுத் தரப்பு. நடத்திய இருவரும் 2025 பிப்ரவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அங்கேயும் வாடிக்கையாளர் திரையில் எண் அழகாகத்தான் ஏறியது.

என்னைப் போல ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் செயலியை நீக்குவதோடு நிற்காதீர்கள். டாஸ்க் ஷெட்யூலரைப் பாருங்கள், ஆண்டிவைரஸில் நீங்கள் கொடுத்த விலக்கை எடுங்கள், முழு ஸ்கேன் ஓட்டுங்கள். பாஸ்வேர்டுகளை வேறொரு கணினியிலிருந்து மாற்றுங்கள். மைனரை ஒளித்து வைத்தவன் அதோடு நின்றிருப்பான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? நான் கடைசியில் எல்லாவற்றையும் அழித்து விண்டோஸையே புதிதாகப் போட்டேன். அதற்கு முன் ஸ்கிரீன்ஷாட், பணம் அனுப்பிய விவரம், அந்த 95 எழுத்து முகவரி எல்லாவற்றையும் எடுத்து வைத்து சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுத்தேன். இன்னொன்று: ஏமாந்ததைக் குழுவில் சொன்ன மறுநாளே "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், சிறு கட்டணம் மட்டும்" என்று இரண்டு பேர் மெசேஜ் அனுப்பினார்கள். இருவருக்கும் பதில் போடவில்லை. தம்பியிடமும் சொல்லிவிட்டேன். அவன் இரண்டு நாள் பேசவில்லை, அவனும் பூஸ்ட் கட்டியிருந்தான்.

லேப்டாப் மேசையில் வைத்தால் ஆட ஆரம்பித்திருந்தது. டச்பேடின் ஒரு மூலை அமுங்கவில்லை. திருப்பிப் பார்த்தால் அடித்தகடு நடுவில் உப்பியிருக்கிறது. இரவெல்லாம் சார்ஜரில் செருகியபடி, 97 டிகிரியில் ஓடிய புராசஸருக்குப் பக்கத்தில் ஏழு வாரம் கிடந்த பேட்டரி. இப்போது அதைக் கழற்றிவிட்டு ஒயரில்தான் ஓட்டுகிறேன்.

அந்தச் செயலியின் கணக்கு மட்டும் பழைய போனில் இன்னும் திறந்தபடி இருக்கிறது. நேற்று ஆதாரத்துக்காக இன்னொரு ஸ்கிரீன்ஷாட் எடுக்கப் போனேன். கடைசி மூன்று இலக்கமும் சுழன்றுகொண்டிருந்தன.