இட்லிக்கு அப்புறம் 240: ஐந்து வருஷமாக டைமெத்தில் ஃபியூமரேட்

மதுரை சிம்மக்கல் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். டாக்டர் எம்.எஸ். (மல்டிபிள் ஸ்க்லரோசிஸ்; உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையை அரிக்கும் நோய்) என்று சொல்வதற்கு முன்பே எனக்குத் துப்புக் கொடுத்தது ஒரு நூல்கண்டு. இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் அரக்குச் சிவப்பு நூல் வெளுத்த செங்கல் மாதிரி தெரிந்தது. கண் நரம்பில் வீக்கம். ஒன்றரை வருஷத்துக்குள் கால் மரத்தது, கையும் தடுமாறியது. ஊசியா மாத்திரையா என்று டாக்டர் கேட்டார். நாள் முழுக்க ஊசியோடு கிடக்கிறவள், உடம்பிலுமா குத்திக்கொள்வேன்?

மாத்திரைதான் என்றேன். எம்.எஸ். தாக்குதலைக் குறைக்கும் டைமெத்தில் ஃபியூமரேட்டைக் கொடுத்தார். முதல் வாரம் 120 மில்லிகிராம், காலையும் ராத்திரியும். அப்புறம் 240. உடைக்காமல், மெல்லாமல் முழுசாக விழுங்க வேண்டும்.

முதல் மாதம் படுத்தி எடுத்துவிட்டது. விழுங்கி அரை மணியில் முகமும் கழுத்தும் திகுதிகுவென்று சிவந்து எரியும். பிளவுஸ் அளவு கொடுக்க வந்த அம்மா, "ஏன்மா கோவமா இருக்க? அப்புறம் வரட்டுமா?" என்று நழுவப் பார்த்தார். வயிறும் கடமுடா. வெறும் காபியோடு போட்டது என் தப்புதான். நாலு இட்லியும் நிலக்கடலைச் சட்னியும் ஓர் அவித்த முட்டையும் உள்ளே போன பிறகு போட்டால் எரிச்சல் பாதி அடங்கியது. இப்போது எப்போதாவதுதான் வரும்.

மருந்து கேட்கிறதா என்றால், கேட்கிறது. முன்னே ஒன்றரை வருஷத்தில் மூன்று தாக்குதல் (கண், கால், கை என்று புதுசாகக் கோளாறு கிளம்புவது). மாத்திரை தொடங்கி ஐந்து வருஷத்தில் ஒன்று. 2013இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்ததே, அதற்கு முந்தைய சோதனைகளிலும் தாக்குதல் ஏறக்குறைய பாதியாகத்தான் குறைந்தது. போனதை இது மீட்டுத் தராது. என் கால் பெருவிரல் இன்னும் மரக்கட்டைதான். கத்திரி வெயிலில் கண் மங்கியபோது மாத்திரை கைவிட்டதென்று பதறினேன். உடம்பு சூடேறினால் பழைய கோளாறு தலைகாட்டுமாம். ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தால் தெளிந்துவிடுகிறது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கிறேன். லிம்போசைட் (நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளை அணு) 500க்குக் கீழே இறங்கி மாதக்கணக்கில் அங்கேயே நின்றால் மருந்தை நிறுத்த யோசிப்பார்கள். எனக்குக் கடைசியாக 900. மாத்திரைக்கு ஐந்துக்கு நாலு நட்சத்திரம் தரலாம்.

அதை வாங்கும் மருந்துக் கடைக்கு இரண்டு நட்சத்திரம்தான். "நாளைக்கு வந்துரும்க்கா" என்று சொல்லியே ஒருமுறை ஆறு நாள் ஓட்டினார்கள். இப்போது டப்பாவில் பத்து நாள் மாத்திரை இருக்கும்போதே இரண்டு கடையில் சொல்லி வைத்துவிடுகிறேன்.