மொத்தச் சரக்கு ஆப்: மூணு ஸ்டார், அதுவும் வண்டி நேரத்துக்கு வர்றதால

மதுரை செல்லூர்ல 12 வருஷமா பலசரக்குக் கடை வச்சிருக்கேன். மொத்தச் சரக்கு போடுற இந்த ஆப்ல ரெண்டு வருஷமா ஆர்டர் போடுறேன். பேர் வேண்டாம், கடைக்காரங்களுக்குத் தெரியும்.

ராத்திரி கடையைச் சாத்திட்டு ஆர்டர் போட்டா மறுநாள் மத்தியானம் வண்டி வாசல்ல நிக்குது. ஏஜென்சியில முழுப் பெட்டிதான் எடுக்கணும், இங்கே கால் பெட்டியும் உண்டு. பில்லுல குழப்பம் கிடையாது.

வம்பே "உங்களுக்கான ஆர்டர்"னு அதுவா ஒரு லிஸ்ட் காட்டுது பாருங்க, அதுலதான். 2025 செப்டம்பர் 3 ராத்திரி ஜிஎஸ்டி குறைப்பை அறிவிச்சாங்க, 22லேர்ந்து அமல். சோப்பு, ஷாம்பு, பேஸ்ட், தலைக்கு எண்ணெய் எல்லாம் 18 சதவீதத்துலேர்ந்து 5. கடைக்கு வர்றவங்க மறுநாளே "22க்கு அப்புறம் வாங்கிக்கிறேன்க்கா"ன்னு ஆரம்பிச்சிட்டாங்க. ஷாம்பு பாட்டில் வாங்குறவங்க சின்ன பாக்கெட் சரம் ஒண்ணைக் கிழிச்சு ஒப்பேத்துறாங்க. ஆப் மட்டும் தீபாவளி வருது, சோப்பு 6 பெட்டி போடுங்கன்னு ஸ்கீமோட நிக்குது. ஆசைப்பட்டு 4 போட்டேன். கடை கடையா ஆர்டர் எடுக்க லைனுக்கு வர்ற கம்பெனி தம்பி, தனக்கு டார்கெட் இருந்தும், "அக்கா, ரெண்டு வாரம் பெட்டி எடுக்காதீங்க, இருக்கிறதை ஓட்டுங்க"ன்னான். ஒரு நாள் முந்திச் சொல்லியிருக்கலாம்.

நான் ஜிஎஸ்டியில சின்ன வியாபாரிங்களுக்கான காம்போசிஷன் திட்டத்துல இருக்கேன், சரக்கு வாங்கும்போது கட்டின வரியைக் கழிச்சுக்கிற கிரெடிட் கிடையாது. 118 கொடுத்து வாங்குன சரக்குக்கு 22ஆம் தேதி புதுசு 105ன்னு வருது. பழைய விலையைச் சொன்னா யார் வாங்குவா? ரிட்டர்ன் கேட்டேன், "டேமேஜ் இல்லையே"ன்னு பதில் வந்துச்சு.

அப்புறம் 5 ரூபா பிஸ்கட் 4.45ன்னு வந்தது தனிக் கூத்து. 55 பைசாவுக்குக் கல்லாவுல எங்கே போறது? மீதிக்கு மிட்டாய் கொடுங்கன்னான் ஒரு பொடியன். அந்த மிட்டாய் 88 பைசா!

மூணு மாசத்துக்கு ஒருதடவை ஆப் மூணு மூஞ்சியைக் காட்டும்: அடுத்து வியாபாரம் கூடுமா, அப்படியே இருக்குமா, குறையுமா? ரிசர்வ் வங்கி மக்கள்கிட்ட நடத்துற நம்பிக்கை சர்வேயும் இந்த மாதிரிதான், கூடும்னவங்க சதவீதத்துல குறையும்னவங்களைக் கழிச்சு 100ஐச் சேர்ப்பாங்கன்னு பி.காம் படிக்கிற மகள் சொன்னா. நான் எப்பவும் சிரிச்ச மூஞ்சியைத்தான் அமுக்குறது. அழுத மூஞ்சியை அமுக்கினா ஆப்ல எனக்குத் தர்ற கடன் லிமிட்டைக் குறைச்சிடுவாங்களோன்னு ஒரு பயம்.

வியாபாரம் கூடுமா குறையுமான்னு பார்க்க எனக்கு ரெண்டு கணக்கு போதும். சமையல் எண்ணெய்ல லிட்டர் பாக்கெட் ஓடுதா, அரை லிட்டரா? மாசம் 5ஆம் தேதிக்குள்ள கடன் நோட்டுல எத்தனை பேர் பாக்கியைத் தீர்த்து பேரை அடிச்சிருக்கு? இதைப் பார்த்துட்டு, தம்பிகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் இப்போ ஆப்பைத் திறக்கிறேன்.

ரிட்டர்ன் எடுக்க ஆரம்பிச்சா நாலு ஸ்டாராக்கிடுறேன்.